தை மாதத்து மீன்சாறு

ஒன்றரை மணிக்குப் போவதுதான் சரி. கேரள எல்லையில், கோவிந்தாபுரத்தில் நான் சாப்பிடும் கடைக்குப் பன்னிரண்டு மணிக்கே ஆள் வரத் தொடங்கிவிடும். வருகிறவர்கள் கண்ணெல்லாம் பொரித்த மீன் தட்டின் மேல்தான். ஒன்றரைக்குள் நல்ல துண்டுகள் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு சட்டியில் மிஞ்சுவது சாறு. காலையில் கொதித்து இறங்கி, மூன்று மணி நேரம் சும்மா கிடந்து, மாங்காயின் புளிப்பை முழுக்க வாங்கிக்கொண்டு, மேலே எண்ணெய் பிரிந்து நிற்கிற மத்திச் சாறு. அதற்காகத்தான் பொள்ளாச்சியிலிருந்து மீன்கரை ரோட்டைப் பிடித்து இருபது கிலோமீட்டர் சொச்சம் போகிறேன். முப்பது வருஷப் பழக்கம் இது.

அந்தச் சாற்றுக்குக் காசு கிடையாது. மட்டை அரிசிச் சோற்றோடு சாம்பார், உப்பேரி, அச்சார், பப்படம், மோர் வருகிற மாதிரி அதுவும் வரும். கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். மீன் கடைகளை எடைபோட எனக்கு இதைவிட நல்ல தராசு கிடைத்ததில்லை. பொரித்த ஆவோலிக்கும் நெய்மீனுக்கும் விலை சொல்லி விற்கிறார்கள். விலை வாங்கிய பண்டத்தை ஒழுங்காகச் செய்துதான் ஆக வேண்டும். இலவசமாக ஊற்றுவதில் கை சுருக்குவது சுலபம். தண்ணீரைக் கூட்டி, மிளகாய்த்தூளைத் தட்டி, புளியைக் கரைத்துவிட்டால் சிவப்பாக ஒன்று கிடைத்துவிடும். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அப்படியிருந்தும் ஒரு கடையில் தலையும் வாலும் உடைந்த துண்டுகளும் சேர்த்து, தேங்காய்ப்பாலை இரண்டு தரமாகப் பிழிந்து ஊற்றி, மண்சட்டியில் சாறு வைக்கிறார்கள் என்றால், அந்த அடுப்படியில் நிற்கிறவருக்கு மீனின் மேல் மரியாதை இருக்கிறது என்று பொருள். அங்கே கண்ணை மூடிக்கொண்டு எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம்.

நான் சொல்லும் கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. சமைப்பது ஒரு சேச்சி. அவருக்கு முன்னால் அவருடைய மாமியார். இருவருக்கும் தமிழும் மலையாளமும் ஒரே நாக்கில் புழங்கும். இஞ்சியும் பச்சைமிளகாயும் நசுக்கிப் போட்டு, மஞ்சளும் மிளகாய்த்தூளும் சேர்த்து, இரண்டாம் பாலில் மாங்காயை முதலில் வேகவிடுவார். மாங்காய் பாதி வெந்தபின்தான் மத்தி இறங்கும். மத்திக்கு ஐந்தாறு நிமிஷம் போதும். அப்புறம் கரண்டி போடமாட்டார். சட்டியின் இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவார், அவ்வளவுதான். முதல் பால் ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கி, தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் சிவக்கத் தாளித்துக் கொட்டுவார். வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டி ஓரம் கறுக்கத் தொடங்குகிற அந்தக் கணத்தில் கொட்டுகிறார். மாமியார் காலத்திலும் அதே கணம்தான். எத்தனையோ முறை அடுப்படி வாசலில் நின்று பார்த்திருக்கிறேன், ஒருநாள்கூடத் தவறியதில்லை.

மாங்காய் அந்த ஊர்ச் சமாசாரம். கோவிந்தாபுரத்தைச் சுற்றி முதலமடை முழுக்கத் தோப்புதான். நாட்டிலேயே முதலில் சந்தைக்கு வருகிற மாம்பழங்களில் முதலமடைப் பழமும் ஒன்று. மற்ற ஊர்களில் பூத்து நிற்கும்போது இங்கே காய் பறிக்கிறார்கள். சாற்றுக்கு அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் ஆகாது. வீட்டு வாசலில் நிற்கிற நாட்டு மரம், அல்லது மூவாண்டன். கொட்டை முற்றாத பிஞ்சு. அரிந்தால் கத்தி கொட்டையோடு இறங்க வேண்டும். மத்தியோ ஆடி, ஆவணியில் இனப்பெருக்கம் முடித்து, மழை கொண்டுவந்த இரையைத் தின்று மெல்ல நெய் ஏறி வருகிற மீன். அந்த நெய் முழுதும் வடிவதற்குள் முதலமடையில் பிஞ்சு வந்துவிடுகிறது. இரண்டும் சந்திக்கிற மாதம் தை. மார்கழிக் கடைசியிலிருந்து மாசி நடுவரை, மிஞ்சிப்போனால் ஏழு வாரம். வருஷத்தின் மற்ற நாட்களில் அதே சேச்சி புளி கரைத்து ஊற்றிச் சாறு வைக்கிறார், நன்றாகவே இருக்கிறது. ஆனால் தைச் சாறு வேறு. புளியின் புளிப்பு நாக்கின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மாங்காயின் புளிப்பு தொண்டைவரை வந்து, மத்தியின் நெய்யைத் துடைத்துக்கொண்டு போய்விடும். அடுத்த உருண்டைக்கு வாய் புதிதாக இருக்கும்.

குடம்புளிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். குமுளிப் பக்கம் போனால் குடம்புளிதான் ராஜா. கறுத்த சுளையை ஊறவைத்துப் போட்டு, தேங்காயே காட்டாமல், எரிகிற சிவப்பில் வைப்பார்கள். மரவள்ளிக்கிழங்குக்கு அது சரியான ஜோடி. மலைக்குளிரில் அந்த எரிச்சல் தேவையாகவும் இருக்கிறது. மூன்று நாள் வைத்துச் சாப்பிடலாம் என்று பெருமை பேசுவார்கள், உண்மைதான். ஆனால் மூன்று நாள் தாங்குகிற புளிப்பு மீனைத் தன்வசமாக்கிவிடுகிறது. மத்தியா, அயிலையா, சூரையா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. மாங்காய் அப்படி ஆள்வதில்லை.

கள்ளுக்கடை ரசிகர்கள் இன்னொரு கட்சி. தமிழ்நாட்டில் 1987-இல் கள்ளு நின்றுபோன பிறகு, சித்தூர்த் தாலுகா எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு யாத்திரைத் தலமே ஆகிவிட்டது. கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு அங்கே இறக்குவதுதான். அந்தக் கடைகளில் கிடைக்கும் தலைக்கறி, கூந்தல் என்கிற கணவாய் வறுவல், நண்டு எல்லாம் பேர்பெற்றவை. நானும் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே காரம் கள்ளுக்காக ஏற்றியது. ஒரு வாய் மீனுக்கு இரண்டு மடக்கு உள்ளே போக வேண்டும் என்பது கணக்கு. சோற்றோடு சாப்பிட்டால் பாதியிலேயே நாக்கு மரத்துவிடும். பசிக்கு மீன் தின்னப் போகிறவனுக்கு ஏற்ற இடம் அதுவன்று.

ஆழியாறு அணைக்கு எதிரே பொரித்து விற்கிற மீனுக்கும் விசுவாசிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர்க் கார்கள் வரிசைகட்டி நிற்கும். கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் அணை மீன், நன்னீர் மீன். சூடாக, எலுமிச்சை பிழிந்து, காற்றில் நின்று தின்ன அருமையாகத்தான் இருக்கிறது. மசாலாவின் ருசியும் வெளியில் நிற்கிற ருசியும் சேர்ந்து கொடுக்கிற சுகம். கோவிந்தாபுரத்தை ஒட்டியே மீன்கரை அணை இருக்கிறது. அந்த மீனும் சில கடைகளில் வரும். கட்லாவில் சாறு வைத்துப் பாருங்கள், சதை வேறு சாறு வேறாக நிற்கும். கடல் மீன், அதிலும் நெய்யுள்ள கடல் மீன், சாற்றுக்குள் கரைந்து தன்னைக் கொடுத்துவிடும். மத்தியை நான் தூக்கிப் பிடிப்பது அதற்காகத்தான். வஞ்சிரம் இல்லாமல் மீன் சாப்பாடே இல்லை என்கிற நண்பர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். வஞ்சிரத்துக்கு முள் இல்லை என்பதுதான் அவர்கள் கடைசியாகச் சொல்லும் நியாயம். முள்ளை அஞ்சிச் சாப்பிடுகிறவருக்கு மத்தி தன் ருசியைக் காட்டாது. நடுமுள்ளைத் தலையோடு சேர்த்து ஒரே இழுப்பில் உருவத் தெரிய வேண்டும்.

எனக்கு உருவக் கற்றுக்கொடுத்தது அப்பா. பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு திருச்சூர் போகும் லாரிகளுக்குக் கணக்குப் பார்த்தவர். விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். அப்போதெல்லாம் கோவிந்தாபுரம் செக்போஸ்டில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். காய்கறி, தேங்காய், சந்தை மாடு என்று வரிசை நீளும். பேப்பரில் முத்திரை வாங்கி வருவதற்குள் டிரைவர்கள் சாப்பிட்டாக வேண்டும். அந்தக் காத்திருப்புதான் அந்த ரோட்டில் சாப்பாட்டுக் கடைகளை வளர்த்தது. காலை ஏழு மணிக்கு எம்80 வண்டியில் பின்பெட்டி நிறைய மத்தியோடு மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். சாவக்காட்டுக் கரையில் விடியுமுன் ஏலம் எடுத்து, நூறு கிலோமீட்டர் வாக்கில் ஐஸில் லாரியேறி வந்து, கடைசியில் எம்80-க்கு மாறிய மீன். பாலக்காட்டுக் கணவாய் வழியே கடற்காற்று எங்கள் பக்கம் வருகிற அதே வழிதான் மத்தியும் வந்தது.

சட்டி அப்போது இடுப்பளவு. ஒரு நாளைக்கு இருநூறு இலை விழும் கடையில் தலையும் வாலும் எத்தனை சேரும் என்று நினைத்துப் பாருங்கள். சாறு கெட்டியாக இருந்ததற்கு அதுதான் காரணம். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது, வரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன, லாரிகள் நிற்காமல் போகத் தொடங்கின. டிரைவர்களுக்கு நல்லது; அவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான், மறுக்கமாட்டேன். ஆனால் இருநூறு இலை அறுபதாயிற்று. பக்கத்தில் இருந்த மூன்று கடைகளில் ஒன்று டயர் கடை, இன்னொன்றில் பரோட்டா. சேச்சியின் சட்டியும் சிறுத்துவிட்டது. சின்னச் சட்டியில் பெரிய சட்டியின் ருசி வராது. அவருக்கும் அது தெரியும். அதனால் இப்போது மீன்காரரிடம் உடைந்த மத்தி தனியாக ஒரு கிலோ வாங்கிச் சாற்றுக்கென்றே போடுகிறார். காசு வராத பண்டத்துக்குக் காசு கொடுத்து மீன் வாங்குகிற சமையற்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மத்தியே வராத வருஷங்களும் இருந்தன. 2012-இல் கேரளக் கரையில் ஏறக்குறைய 3.9 லட்சம் டன் மத்தி பிடித்தார்கள். 2021-இல் அது 3,297 டன். எழுத்துப்பிழை இல்லை, கொச்சி கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு அது. கடலின் சூடு மாறியதும், குஞ்சு மீனையும் சேர்த்து அள்ளியதும் காரணங்கள் என்றார்கள். அந்தக் காலத்தில் ஒமான் மத்தி என்று ஒன்று வந்தது. ஆள் பெரிது, நெய் இல்லை. சாறு தெளிந்து தண்ணீராக நின்றது. சேச்சி இரண்டே நாள் வாங்கிப் பார்த்துவிட்டு, அயிலைக்கு மாறிவிட்டார். பிறகு மத்தி திரும்பியது. ஆனாலும் 2024 ஜூனில், விசைப்படகுத் தடைக்காலத்தில் கிலோ 400 ரூபாய்க்குப் போன மத்தி, அதே வருஷக் கடைசியில் கரையில் பதினைந்து இருபது ரூபாய்க்குக் கொட்டிக் கிடந்தது. விலை இறங்கியதன் காரணம் விரல் நீளம்கூட வளராத மீன். அதைப் பொரித்து மொறுமொறுவென்று தட்டு நிறையக் குவித்துக் கொடுக்கிற கடைகளில் நான் கையலம்பிக்கொண்டு எழுந்துவிடுவேன். சாறாகியிருக்க வேண்டிய மீன் அது, இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால்.

2018 ஜூனில் வாளையாறு சோதனைச் சாவடியில் ஃபார்மலின் கலந்த இறால் 6,000 கிலோ பிடிபட்டபோது எல்லைப்புறக் கடைகளெல்லாம் ஒரு மாதம் காலியாகக் கிடந்தன. அன்றைக்கும் சேச்சி கடைச் சாற்றை நான் நிறுத்தவில்லை. கெட்ட மீனைப் பொரித்து மறைக்கலாம், மசாலா பூசி வாழையிலையில் பொதிந்தும் மறைக்கலாம். தேங்காய்ப்பாலில் மறைக்க முடியாது. பால் ஊற்றியதும் மீன் தன் வயதைச் சொல்லிவிடும்.

போன வருஷம் தூரத்து நகரம் ஒன்றில் பெயர் பெற்ற கடல் உணவகத்துக்கு மகன் அழைத்துப் போனான். ஐஸ் மேல் மீன்களை அடுக்கி, எது வேண்டுமோ காட்டுங்கள் என்றார்கள். கரிமீன் பொள்ளிச்சது அழகாக வந்தது. 2010-இல் கேரளத்தின் மாநில மீனாக அறிவித்த பெருமைக்குரிய மீன், உள்ளே ஐஸின் வறட்சி போகாமல் நார்நாராக இருந்தது. சோறு கேட்டேன். பாசுமதி வந்தது. மீன்சாறு கேட்டேன். பரிமாறியவர் புரியாமல் நின்று, பிறகு பட்டியலைப் புரட்டி, ‘ஃபிஷ் கிரேவி’ தனியாக 180 ரூபாய் என்றார். சின்னக் கிண்ணத்தில், சோளமாவு போட்டுக் கெட்டியாக்கியது. அதில் மீன் நீந்தியதற்கான அடையாளமே இல்லை. மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஆசையாகக் கூட்டிப்போயிருந்தான்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மத்தி பொரித்த கல்லில் ஒட்டியிருக்கும் பொடி. மிளகும் மஞ்சளும் கறிவேப்பிலையும் தீயாமல் தீய்ந்து கிடக்கிற அந்தச் சுரண்டலை, கேட்டால் மட்டும் ஒரு கரண்டி சோற்றின் ஓரத்தில் வைப்பார். சாற்றை ஊற்றிக் குழைத்தபின் அதைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். முதலிலேயே கலந்துவிடக் கூடாது.

இந்தத் தையில் போனபோது பிஞ்சு இன்னும் வரவில்லை. பூ கருகிவிட்டது, பூச்சி மருந்து மூன்று தடவை அடித்தும் நிற்கவில்லை என்று தோப்புக்காரர் ஒருவர் பக்கத்து இலையில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் புளிச் சாற்றுக்குத் தயாராகச் சோற்றைக் குழி பறித்து வைத்தேன். சேச்சி குழிக்கரண்டியோடு வந்து, ஊற்றுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார்.

“எங்க வீட்டு மரத்துல நாலு காய்தாண்ணா இருந்துச்சு. இன்னிக்கு எல்லாத்தையும் போட்டுட்டேன். நாளைக்கு வந்துராதீங்க.”