மலிவு விலை ஒற்றைக் கோர் செயலிகள்: தரமுயர்த்தும் வாக்குறுதி பற்றிய மதிப்பீடு

மேசைக்கணினிகளுக்கான இரட்டைக் கோர் செயலிகள் 2005ஆம் ஆண்டிலேயே கடைகளுக்கு வந்துவிட்டன. அதன் பின்னரும் பல ஆண்டுகள் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களும் மலிவு வரிசையில் ஒற்றைக் கோர் செயலிகளை விற்றுவந்தன. இன்டெலின் செலரான் 430 (2007), செலரான் ஜி440 (2011), ஏஎம்டியின் செம்ப்ரான் 140 (2009) ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. விற்பவர்கள் இவற்றோடு சேர்த்து ஒரு வாக்குறுதியையும் தந்தார்கள்: "இப்போது இதைப் போட்டுக்கொள்ளுங்கள், பணம் வந்ததும் பெரிய செயலியை அதே இடத்தில் மாட்டிக்கொள்ளலாம்." பிள்ளையின் படிப்புக்காகக் கையிருப்பை எண்ணிக் கணினி வாங்கும் பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல். அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் உண்மை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இம்மூன்றில் வாக்குறுதியை நன்றாகக் காப்பாற்றியது செம்ப்ரான் 140. இதன் வேகம் 2.7 கிகாஹெர்ட்ஸ், இரண்டாம் நிலைக் கேச் 1 எம்பி, வெப்ப அளவு 45 வாட். ஏஎம்3 சாக்கெட்டில் பொருந்தும் இச்செயலியின் சிலிக்கான் துண்டு உண்மையில் இரட்டைக் கோர் கொண்ட அத்லான் 2 எக்ஸ்2 செயலிக்கு உரியது. அதில் ஒரு கோரை முடக்கித்தான் செம்ப்ரான் என்று விற்றார்கள். எஸ்பி710, எஸ்பி750 சிப்கள் கொண்ட பல மதர்போர்டுகளில் பயாஸ் அமைப்பை மாற்றி, முடக்கிய கோரை எழுப்பிவிட முடிந்தது. அக்காலத்தில் ஆர்வலர்கள் இதைப் பெரிதாகக் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் பாதியைத்தான் நான் ஏற்கிறேன். முடக்கப்பட்ட கோர் சில செயலிகளில் நல்ல நிலையில் இருந்தது, சிலவற்றில் உண்மையிலேயே பழுதானது. பழுதான கோரை எழுப்பினால் கணினி தொடங்காமல் போகும், அல்லது வேலையின் நடுவில் உறைந்துபோகும். இதை நம்பி ஒரு செயலியை வாங்குவது சீட்டுக் குலுக்கலில் சேர்வதைப் போன்றது.

செம்ப்ரானின் உண்மையான பலம் அது அமர்ந்த சாக்கெட்டில் இருந்தது. அதே ஏஎம்3 பலகையில் நான்கு கோர் கொண்ட அத்லான் 2 எக்ஸ்4, ஃபீனம் 2 எக்ஸ்4 ஆகியவற்றைப் பொருத்தலாம். 2010இல் வந்த ஆறு கோர் ஃபீனம் 2 எக்ஸ்6கூட அதில் அமரும். ஒரு கோரிலிருந்து ஆறு கோருக்கு, ராமையும் மதர்போர்டையும் மாற்றாமல் போக முடிந்தது. ஏஎம்3 செயலிகளுக்குள் இருந்த நினைவகக் கட்டுப்படுத்தி டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டையும் அறிந்திருந்தது. எனவே பயாஸ் ஆதரவு உள்ள பழைய ஏஎம்2+ பலகைகளிலும் அவை இயங்கின. ஆனால் மலிவுச் செயலி வாங்கியவர் பெரும்பாலும் மலிவுப் பலகையையே வாங்கியிருப்பார். அவற்றில் பல 95 வாட் வரைதான் தாங்கும். ஃபீனம் 2 எக்ஸ்4 955, எக்ஸ்6 1090டி போன்றவை 125 வாட் கேட்பவை. துளையில் சரியாகப் பொருந்திய செயலி, மின்சுற்றின் வலிமைக் குறைவால் பயன்படாமல் போனதுண்டு. விற்பனைச் சீட்டில் இந்த எண் இடம்பெறுவதில்லை.

செலரான் 430இன் கதை வேறு. வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ், கேச் 512 கேபி, வெப்பம் 35 வாட். எல்ஜிஏ 775 சாக்கெட் 2004 முதல் புழக்கத்தில் இருந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும், அதைத் தாங்கிய பலகைகள் ஒன்றல்ல. இவ்வகைக் கணினிகளில் நினைவகக் கட்டுப்படுத்தி செயலிக்குள் இல்லை, பலகையின் சிப்செட்டில் இருந்தது. அதனால் 775 பலகைகளில் டிடிஆர், டிடிஆர்2, டிடிஆர்3 என மூவகை ராமும் உண்டு. 1333 மெகாஹெர்ட்ஸ் பஸ் கொண்ட கோர் 2 டூவோ இ8400 செயலிக்கு ஜி33 சிப்செட் அதிகாரப்பூர்வமாக இடம் தரும். 945 தராது. ஜி31 பலகையில் 4 ஜிபிக்கு மேல் ராம் ஏறாது. சாக்கெட்டின் பெயரை மட்டும் பார்த்துச் செயலி வாங்கியவர்கள் ஏமாந்ததற்குக் காரணம் இதுதான். செருப்பின் எண் பொருந்தினால் போதும், காலின் அகலம் வேண்டாம் என்று வாங்குவதைப் போல.

என் கடுமையான விமர்சனம் செலரான் ஜி440 மீதுதான். 2011இல் வெளிவந்த ஒரு செயலி 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில், ஒரே கோருடன், ஹைப்பர் த்ரெடிங் வசதியும் இல்லாமல் வந்தது. மொத்த வியாபாரத்துக்கான இன்டெலின் பட்டியல் விலை 37 டாலர். அதே ஆண்டில் வந்த இரட்டைக் கோர் செலரான் ஜி530, 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்துடன் 42 டாலர். ஐந்து டாலரை மிச்சப்படுத்த ஒரு கோரையும் வேகத்தின் மூன்றில் ஒரு பங்கையும் இழக்கச் சொல்வது எவ்வகைச் சிக்கனம்? மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்று சிலர் வாதிடுவர். 35 வாட் என்பது உண்மைதான். எந்நேரமும் இயங்கும் சிறு கோப்புச் சேமிப்பகத்துக்கு அது பொருந்தலாம். மாணவரின் கணினிக்கு அது வாதமே இல்லை. அதன் எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் கோர் ஐ5, ஐ7 வரை ஏற முடியும் என்பது இதன் ஒரே தகுதி. அந்தத் தகுதி ஜி530க்கும் இருந்தது.

இதோடு ஒப்பிடத்தக்க இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 2010இல் பென்டியம் ஜி6951 என்ற இரட்டைக் கோர் செயலியை இன்டெல் விற்றது. 50 டாலர் அட்டை ஒன்றை வாங்கி அதிலுள்ள குறியீட்டைத் தட்டினால், அதே செயலியில் பூட்டி வைத்திருந்த கேச்சும் ஹைப்பர் த்ரெடிங்கும் திறக்கும். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு பகுதிக்கு மறுபடி காசா என்று பலத்த கண்டனம் எழுந்தது. அத்திட்டம் 2011உடன் முடிந்தது.

அணுச் செயலி எனத்தக்க ஆட்டம் 230 (2008) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு வந்தது. மாற்றவே முடியாது. ஆனால் அப்படி ஒரு வாக்குறுதியையும் அது தரவில்லை.

இன்றும் இவை பழைய பொருள் சந்தைகளில் கிடைக்கின்றன. விண்டோஸ் 11 குறைந்தது இரண்டு கோர்களைக் கேட்கிறது. இங்கே பேசப்பட்ட சாக்கெட்டுகளில் எந்தச் செயலியை மாட்டினாலும் மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவுப் பட்டியலில் அது இல்லை. ஆகவே தரமுயர்த்திய பின் லினக்ஸ் வகை ஒன்றை நிறுவுவதே நடைமுறைக்கு உகந்தது. ஒற்றைக் கோரை அப்படியே வைத்துக்கொண்டு எஸ்எஸ்டி மட்டும் சேர்த்தால் கணினி விரைவாகத் தொடங்கும், ஆனால் உலாவியில் நான்கு பக்கங்கள் திறந்ததும் மூச்சு வாங்கும். முதலில் செயலியைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றும் முன் மதர்போர்டின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் வெளியிட்ட செயலி ஆதரவுப் பட்டியலைப் பார்க்கவும். அதில் ஒவ்வொரு செயலிக்கும் எதிரே தேவையான பயாஸ் பதிப்பு இருக்கும். பழைய செயலி பலகையில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். எச்61 பலகையில் ஜி440ஐக் கழற்றிவிட்டு நேரடியாக 2012இன் ஐவி பிரிட்ஜ் செயலியை மாட்டினால் திரை கருப்பாகவே நிற்கும். அப்போது பயாஸைப் புதுப்பிக்க அந்தப் பழைய ஜி440ஐயே தேட வேண்டியிருக்கும்.