முழம் போடும் கை

பூக்காரம்மா முழம் போடுவதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். இன்னொரு முறை பாருங்கள், பக்கத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை நிறுத்திக்கொண்டு. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு, விடிந்து சற்று நேரம். தோவாளையிலிருந்து வந்திறங்கிய பிச்சிச் சரம், நடுவிரல் நுனியில் தொற்றி, முன்கை வழியாக ஓடி, முழங்கையில் மெல்ல வளைகிறது. அந்த வளைவில்தான் அழகெல்லாம். சரம் இறுகவும் இல்லை, தொய்யவும் இல்லை. கிள்ளுகிற நகத்துக்கு நாரின் இடைவெளி பார்க்காமலே தெரிகிறது.

சிறுமி கேட்டாள்: "ஆச்சி, கை நீளமானவங்ககிட்ட வாங்கினா நெறய பூ கிடைக்குமா?"

ஆச்சி சிரித்தார். "எனக்குக் குட்டைக் கை மக்களே. அதனாலதான் ஒரு விரக்கடை கூட்டித் தாறேன்."

என்ன நயமான பதில்! அளவு, நியாயம், தொழில் மரியாதை மூன்றும் அதில் இருக்கின்றன. இந்தச் சிறுமியும் அவள் தம்பியும் பள்ளிக்கூடம் போவதில்லை; வீட்டிலேயே படிக்கிறார்கள். பூ வீட்டுக்கு வந்ததும் தையல் நாடாவை நீட்டி ஆச்சியின் முழத்தை அளந்தாள். பிறகு அம்மாவின் முழம், அப்பாவின் முழம், தம்பியின் முழம். நோட்டில் நான்கு எண்கள், நான்கும் வெவ்வேறு. எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவு எதற்கு என்ற கேள்வி அந்த நான்கு எண்களுக்கு நடுவே தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் சொக்கிப்போவது அந்தத் தாயின் மௌனத்தில். நுனிநாக்குவரை வந்த விடையை விழுங்குவது லேசான காரியமா? அடுப்பில் பால் பொங்குகிறது, கைப்பேசி அடிக்கிறது, ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம். அவர் சொல்வதில்லை. "அப்படியா?" என்று மட்டும் கேட்கிறார், நிஜமாகவே தெரியாதவர் குரலில். (கொஞ்சம் நடிப்பும் உண்டு. நல்ல நடிப்பு.)

அந்த வீட்டில் பழைய பித்தளை நாழி ஒன்று இருக்கிறது. நாலு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை என்ற பழைய கணக்கைத் தம்பி அரிசி கொட்டிக் கொட்டியே கற்றான். அதைவிட அழகானது, அவன் தற்செயலாகக் கண்ட ஒன்று. அரிசியை நாழியில் குவித்தால் கூம்பாக நிற்கிறது. கடுகைக் குவித்தால் சரிந்து சரிந்து ஓடுகிறது. ஏன்? இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் உருட்டிப் பார்த்தான். "இது உருண்டை, அதான் நிக்க மாட்டேங்குது" என்றான். தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் இடையே வியாபாரிகள் காலமெல்லாம் நடத்திய வழக்கின் மர்மம், ஆறு வயதுக் கையில் பிடிபட்டுவிட்டது!

மளிகைக்கடையில் ஜாதிக்காய். தோட்டைப் பிளந்தால் கரும்பழுப்புக் கொட்டை, அதன்மேல் இறுக்கிப் பின்னிய செவ்வலையாக ஜாதிபத்திரி. ஒரே பழத்தில் இரண்டு சரக்கு, இரண்டு விலை. அக்கா அதை வரைந்திருக்கிறாள், ஒரு படமல்ல, வரிசையாகப் பல. முதல் படத்தில் குங்குமச் சிவப்பு. காயக் காயச் செம்மஞ்சள். கடைசியில் வைக்கோல் நிறம். எந்த நாளில் சிவப்பு விடைபெற்றது என்று தேடிப் பாருங்கள், அகப்படாது. அவ்வளவு நுணுக்கமாகக் கலந்திருக்கிறாள்.

பார்த்துப் பார்த்தே கற்கும் இந்தப் பாடமுறை சாலைக் கடைத்தெருவுக்குப் புதிதல்ல. இந்தச் சந்தையை உருவாக்கிய திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ், இளமையில் போக்கு மூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் கணக்கெழுதித் தொழில் பழகியவர். பிற்காலத்தில் இதே தெருவில் பாத்திரக்கடை நடத்திய எழுத்தாளர் ஆ. மாதவன் மலையாளத்தில் பள்ளிப்படிப்புப் படித்தவர். தமிழைத் தாமாகவே வாசித்து வசப்படுத்திக்கொண்டார். கல்லாவில் உட்கார்ந்தபடியே சுமைதூக்கிகளையும் தரகர்களையும் சில்லறைத் திருடர்களையும் உற்றுப் பார்த்தார். 'கடைத்தெருக் கதைகள்' பிறந்தன. 2015-இல் 'இலக்கியச் சுவடுகள்' நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. பார்ப்பதற்கு அவர் பழகிய பொறுமை கதைக்குக் கதை தெரியும். எந்த ஆளையும் அவர் அவசரமாக எடைபோடுவதில்லை.

"பரீட்சைக்கு என்ன செய்வீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்காமலில்லை. 14 வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் 10-ஆம் வகுப்புத் தேர்வை எழுதலாம். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

தம்பிக்கு இப்போது வேறு வேலை. பத்மநாபசுவாமி கோயில் அருகே இருக்கும் மேத்தன் மணியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். மணியடிக்கும்போது தாடிக்காரர் வாய் திறக்க, இரண்டு ஆட்டுக்கடாக்கள் இருபுறமும் அவர் கன்னத்தில் முட்டுகிற விசித்திரக் கடிகாரம். வீட்டில் செருப்புப் பெட்டி அட்டையை வெட்டி, நூல் கோத்து, அதே வித்தையைச் செய்துகொண்டிருக்கிறான். நூலை இழுத்தால் இடதுபக்க ஆடு பிரமாதமாக முட்டுகிறது. வலதுபக்க ஆடு பின்னால் போகிறது. அம்மா "அப்படியா?" என்கிறார்.