சந்தேகத்துக்குரிய சமையலறை

சமைக்கும் பெண்ணின் மீது சுமத்தப்படக்கூடிய பழிகளில் மிகக் கொடியது, அவள் சோற்றில் நஞ்சு வைத்தாள் என்பது. மியா பி. மனன்சலாவின் ‘ஆர்சனிக் அண்ட் அடோபோ’ (2021) நாவல் அந்தப் பழியோடுதான் தொடங்குகிறது. மனன்சலா சிகாகோவைச் சேர்ந்தவர், பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர். இந்த முதல் நாவலுக்காக அகதா விருது பெற்றவர். ‘தீத்தா ரோஸியின் சமையலறை மர்மங்கள்’ என்ற தொடர் இந்த நாவலிலிருந்து வளர்ந்தது.

கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தில், ஷேடி பாம்ஸ் என்னும் கற்பனைச் சிற்றூரில். காதல் முறிந்து ஊர் திரும்புகிறாள் லீலா மகபகால். தன்னை வளர்த்த தீத்தா ரோஸியின் நலிந்துகொண்டிருக்கும் உணவகத்துக்குக் கைகொடுக்கிறாள். அவளுடைய பழைய காதலன் டெரிக், உணவகங்களைக் கடித்துக் குதறி எழுதும் விமர்சகன். அங்கே சாப்பிட வந்தவன் மேசையிலேயே சரிந்து விழுந்து இறந்துபோகிறான். உணவகம் மூடப்படுகிறது. காவல்துறையின் பார்வை லீலா மீது திரும்புகிறது.

இவ்வகை நாவல்களை ஆங்கிலத்தில் ‘கோஸி’ என்பார்கள். கொலை உண்டு, ரத்தம் கண்ணில் படாது. துப்பறிபவர் பெரும்பாலும் ஒரு சாதாரணப் பெண். ஊர் சிறியது, முடிவில் ஒழுங்கு திரும்பிவிடும். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் இவர்களுக்கெல்லாம் மூத்தவள். 1980களில் வர்ஜீனியா ரிச்சும், 1990 முதல் டயேன் மாட் டேவிட்சனும் இந்த வகைமைக்குள் சமையலைக் கொண்டுவந்தார்கள். கதையோடு செய்முறைக் குறிப்புகளைத் தரும் வழக்கமும் வேரூன்றியது. ஆனால் இந்தச் சிற்றூர்களில் வசித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அங்கே சந்தேகம் எல்லோர் மீதும் சமமாக விழும் என்பது ஒரு வசதியான கற்பனை. குடியேறி வந்தவர்களின் சமையலறைக்குள் கதையை நகர்த்தியதும் அந்தக் கற்பனை உடைகிறது.

ஏனெனில் அந்தச் சமையலறை கொலைக்கு முன்பே சந்தேகத்துக்கு உள்ளானது. பிலிப்பைன்ஸ் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினிடமும், 1898க்குப் பிறகு அமெரிக்காவிடமும் அடிமைப்பட்டிருந்த நாடு. காடியில் இறைச்சியை வேகவைக்கும் முறை அந்தத் தீவுகளில் ஸ்பானியர் வருகைக்கு முன்பே இருந்தது. ‘அடோபோ’ என்ற பெயர் மட்டும் வந்தவர்கள் வைத்தது. பின்னாளில் அமெரிக்க மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களாகவும் வேறு பல வேலைகளுக்கும் போன பிலிப்பைன்ஸ் பெண்கள் தங்கள் சமையலையும் கொண்டுபோனார்கள். புதிய ஊரில் அந்தச் சமையலின் வாசனையையும் சுத்தத்தையும் தரத்தையும் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை பிறரிடம் இருந்தது. டெரிக் அந்த உரிமையின் உருவம். பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துவந்ததை அவனுடைய ஒரு கட்டுரை இழுத்து மூடவைக்க முடியும். கட்டட உரிமையாளரும் வாடகை பாக்கியைச் சொல்லி நெருக்குகிறார். ஆகவே இங்கே கொலையாளியைக் கண்டுபிடிப்பது பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்வதும்கூட.

நூலின் முகப்பில் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. அதில் உணவுப் பெயர்களுக்கு முன்னால் உறவுப் பெயர்கள் வருகின்றன. ‘தீத்தா’ என்றால் அத்தையாகவும் இருக்கலாம், சித்தி, பெரியம்மாவாகவும் இருக்கலாம். ‘லோலா’ பாட்டி. ‘நீனாங்’ என்பதற்கு நம் கத்தோலிக்கர்களிடம் சரியான சொல் உண்டு: ஞானத்தாய். ஏப்ரல், மே, ஜூன் என்று மாதப் பெயர் கொண்ட மூன்று ஞானத்தாய்களும் ஊரின் நடமாடும் ஆவணக் காப்பகம். யார் யாருக்குக் கடன்பட்டவர், எந்த வீட்டில் என்ன விரிசல் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பெண்களின் வம்பு என்று ஒதுக்கப்படும் பேச்சை மனன்சலா அறிவாக மதிக்கிறார்.

அதே வாய்கள்தான் லீலாவின் உடல் எடையையும் கல்யாணத்தையும் விசாரிக்கின்றன. அன்பும் கண்காணிப்பும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன. ஆசிரியர் இதை மறைக்கவில்லை. ‘மர்டர் அண்ட் மமோன்’ (2023) நாவலில் ஞானத்தாய்கள் சலவையகம் தொடங்குகிறார்கள். அடுத்தவர் விவகாரத்தில் தலையிடாதே என்ற மிரட்டல் அதன் சுவரில் எழுதப்படுகிறது. பிறகு ஒரு கொலையும் நடக்கிறது. வம்பின் விலை என்ன என்ற கேள்வியைத் தொடர் தன்னிடமே கேட்டுக்கொள்கிறது. இரண்டாம் நாவலான ‘ஹோமிசைட் அண்ட் ஹாலோ-ஹாலோ’வும் (2022) இப்படியொரு துணிவு கொண்டது. வழக்கமான கோஸி நாயகி அடுத்த புத்தகத்துக்குள் பழைய பிணத்தை மறந்துவிடுவாள். லீலாவால் மறக்க முடியவில்லை. முந்தைய அதிர்ச்சி அவளுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. அந்த நிலையில் அழகிப் போட்டிக்கு நடுவராகவும் உட்கார வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு குறை உறுத்துகிறது. தொடரின் பெயரில் இருப்பவர் தீத்தா ரோஸி. கதை சொல்பவளோ லீலா. ரோஸியை நாம் அவர் பரிமாறும் தட்டுகளின் வழியாகவே அறிகிறோம். லீலாவுக்கு, தோழிகள் அடீனாவோடும் எலேனாவோடும் சேர்ந்து நடத்தும் காபிக் கடை கிடைக்கிறது. பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்ணும் பிலிப்பைன்ஸ் பெண்ணும் கூட்டாளிகளாக நிற்கும் அழகான காட்சி அது. ரோஸிக்குக் கிடைப்பது பாராட்டு. ‘கைமணம்’ என்று நாம் புகழும்போதும் இதுதான் நடக்கிறது: மணம் நினைவில் நிற்கிறது, கை மறந்துபோகிறது. இந்த வகைமைக்கு எப்போதும் கதகதப்பான ஓர் அடுப்படி தேவை. அந்த அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் களைப்பையும் கூலியையும் உள்ளே விட்டால் கதகதப்பு குறைந்துவிடும் என்ற அச்சம் அதற்கு இருக்கிறது. மனன்சலா அந்த அச்சத்தை முழுதாகக் கடக்கவில்லை.

ஆயினும் கடைசிப் பக்கங்களின் செய்முறைக் குறிப்புகளை நான் வணிக இணைப்பாக மட்டும் பார்க்கவில்லை. லீலா பிஸ்கட்டில் சேர்க்கும் ஊதா நிற ‘ஊபே’, யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சும் இராசவள்ளிக் கிழங்குதான். பாட்டிகள் கண்ணளவாக வைத்திருந்ததை இங்கே அளவும் நேரமும் குறித்து ஒரு பெண் தன் பெயரோடு பதிக்கிறாள். முதல் அத்தியாயங்களில் தடயமாக இருந்த உணவு, முடிவில் நாம் செய்து சாப்பிடக்கூடியதாகிறது. அந்தச் சமையலறை குற்றமற்றது என்ற தீர்ப்பை எழுதும் வேலை வாசகியின் கைக்கு வருகிறது.

வகுப்பில் இந்தத் தொடரைப் படிக்கும் மாணவிகளிடம் ஒரு சிறு பயிற்சியைச் செய்யச் சொல்வேன். விருந்துக் காட்சி வரும் ஒவ்வொரு முறையும் கொலையாளியைத் தேடுவதைச் சற்று நிறுத்துங்கள். மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். கதை துப்புத் துலக்காமல் விட்ட வழக்கு அந்தக் குறிப்பில் இருக்கும்.