பொறுத்துக்கொள்ளும் வட்டம்

தேயிலை சுவைப்பவர் ஒரு மிடறுதான் உறிஞ்சுகிறார். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிட ஊறல் என்பது சர்வதேச நியமம் சொல்லும் கணக்கு. அந்த ஒரு மிடறிலேயே சாயத்தின் நிறம், துலக்கம், துவர்ப்பு, வாசம் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். நிறத்துக்கு ஒரு மிடறு, துவர்ப்புக்கு இன்னொரு மிடறு என்று அவர் கேட்பதில்லை. நாக்குக்கு வந்து சேர்வது ஒன்று, அதிலிருந்து புறப்படும் விடைகள் பல. ஒரு விடை மற்றதைத் தொட்டுக்கொண்டேதான் வருகிறது.

இதே காரியத்தைக் கணக்கால் செய்யப் பார்ப்பவர்களின் கைவேலை ஒன்று பல காலமாக என்னை மயக்கி வைத்திருக்கிறது. சப்போர்ட் வெக்டர் மெஷின், நம் பாடநூல் தமிழில் சொன்னால் தாங்குகாவிப் பொறி, பிறப்பிலேயே ஒரு கேள்விக்கு ஒரு விடை மட்டும் சொல்லத் தெரிந்தது. அதைப் பல விடைகளை ஒரே மூச்சில் சொல்ல வைத்த விதத்தில் எனக்குப் பெரிய அழகு தெரிகிறது. அதைப் பேசப் பேராதனை பொருத்தமான இடம். இங்குள்ள தாவரவியல் பூங்காவில்தான் 1824இல் இலங்கையின் முதல் தேயிலைச் செடியை நட்டார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் வர்த்தகப் பயிராக இறக்கியது அதற்கு நாற்பத்து மூன்று வருடங்களுக்குப் பின், 1867இல். அந்தானைச் சரிவில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் மத்திய மலைநாட்டுப் பிரிவு இருக்கிறது. அதே மலையின் அடியில், மகாவலிக் கரையில், பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிறார்கள். கொழுந்தும் கணக்கும் இத்தனை நெருக்கமாக வாழும் ஊர் அதிகம் இல்லை.

முதலில் பொறியின் அடிப்படை. இரண்டு வகைப் புள்ளிகளைப் பிரிக்க எத்தனையோ கோடுகள் போடலாம். 1960களில் மொஸ்கோவில் விளாடிமிர் வப்னிக்கும் அலெக்சி செர்வோனென்கிஸும் கேட்டது அவற்றில் எது சிறந்தது என்று. அவர்களுடைய விடை: இரு பக்கத்திலும் அதிக இடைவெளி விடும் கோடு. இரண்டு வயல்களுக்கு நடுவே எவ்வளவு அகலமாக வரப்புப் போட முடியுமோ அவ்வளவு அகலமாகப் போடுவது. வரப்பின் ஓரத்தைத் தொட்டு நிற்கும் சில நாற்றுகள்தான் அதன் இடத்தைத் தீர்மானிக்கின்றன. வயலின் நடுவில் நிற்பவற்றைப் பிடுங்கி எறிந்தாலும் வரப்பு ஒரு அங்குலமும் அசையாது. ஓரத்தில் நிற்கும் அந்தப் புள்ளிகளே தாங்குகாவிகள். ஆயிரம் தரவில் எது முக்கியம் என்பதைப் பொறி தானே கண்டு சொல்கிறது என்பதுதான் இதில் என்னை முதலில் இழுத்தது.

1992இல் பெல் ஆய்வுகூடத்தில் போசர், இசபெல் கியோன், வப்னிக் மூவரும் இதற்குக் கெர்னலைப் பூட்டினார்கள். கெர்னல் என்பது இரண்டு மாதிரிகள் எவ்வளவு ஒத்தவை என்று சொல்லும் ஒரு சார்பு. எந்தச் சார்புக்கு அந்தத் தகுதி உண்டு என்பதை ஜேம்ஸ் மேர்சர் 1909இலேயே எழுதி வைத்திருந்தார். நேர்கோட்டால் பிரிக்க முடியாதது உயர் பரிமாணத்தில் பிரிந்துவிடும். ஆனால் அந்தப் பரிமாணத்துக்குள் நாம் காலெடுத்து வைக்கவே தேவையில்லை, ஒப்புமையை மட்டும் கணித்தால் போதும். புதிய மாதிரி வந்தால் பொறி தன் தாங்குகாவிகள் ஒவ்வொன்றோடும் அதை ஒப்பிட்டு, அந்த ஒப்புமைகளை எடை போட்டுக் கூட்டி விடை தருகிறது. அது நினைவில் வைத்திருப்பது கடினமான மாதிரிகளை மட்டும்தான்.

வகை பிரிப்பதிலிருந்து எண்ணை எதிர்வுகூறுவதற்கு வந்தபோது இன்னொரு அழகு சேர்ந்தது. வழமையான பின்னடைவுக் கணிப்பு, வழு எவ்வளவு சிறிதானாலும் அதைக் கணக்கில் எடுக்கும். வப்னிக் அப்படிச் செய்யவில்லை. எப்சிலன் என்ற ஓர் அளவை வைத்து, அதற்குள் அடங்கும் வழுவை வழுவாகவே எண்ணாமல் விட்டார். கோட்டைச் சுற்றி ஒரு குழாய். குழாய்க்குள் கிடக்கும் புள்ளிகள் பொறியைத் தொந்தரவு செய்வதில்லை, விளிம்பிலும் வெளியிலும் நிற்பவையே அதை வடிக்கின்றன. அளவீட்டில் எப்போதும் ஒரு நடுக்கம் இருக்கும் என்று அறிந்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். இந்த எப்சிலனை மறக்க வேண்டாம். பல விடைகளைச் சேர்த்துக் கட்டப்போகும் கயிறு அதுதான்.

இனித் தேயிலைக்கு வருவோம். கொழுந்தை வாட்டி, உருட்டி, இலையின் கலங்கள் உடைந்ததும் அதிலுள்ள கற்றெச்சின் என்ற சேர்வைகள் காற்றோடு சேர்ந்து மாறத் தொடங்குகின்றன. முதலில் தியாஃபிளேவின் உருவாகிறது. சாயத்துக்குத் துலக்கத்தையும் நாக்கில் படும் உயிர்ப்பையும் கொடுப்பது அது. நேரம் போகப் போக அது உச்சத்தைத் தொட்டு இறங்கும். இறங்குவதன் ஒரு பங்கு தியாருபிகினாக மாறும். நிறத்தையும் கனத்தையும் கொடுப்பது இது. ஆகவே இந்த இரண்டு எண்களும் தனித்தனி எண்கள் அல்ல, ஒரே கதையின் இரண்டு முனைகள். நொதிக்க விட்ட நேரம் சற்றுக் கூடினால் ஒன்று குறையும், மற்றது ஏறும். ஒன்றை அறிந்தவனுக்கு மற்றதைப் பற்றி ஏதோ தெரிந்தே இருக்கிறது.

இவற்றை ஆய்வுகூடத்தில் பிரித்து அளக்க நேரமும் செலவும் ஆகும். ஆனால் 780 தொடக்கம் 2500 நனோமீற்றர் வரையான அண்மைச் செந்நிறக் கீழொளியைத் தூளின் மேல் பாய்ச்சித் திரும்பி வருவதைப் பதிவது சில நொடி வேலை. அந்த ஒரு நிறமாலையிலிருந்து தியாஃபிளேவின், தியாருபிகின், ஈரப்பதம் மூன்றையும் எதிர்வுகூற வேண்டும். தேயிலையில் இப்படி உணரிகளையும் கற்கும் பொறிகளையும் சேர்த்துப் பார்க்கும் வேலை வெகுகாலமாக நடக்கிறது. கொல்கத்தாவில் சி-டாக் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் மின்னணு மூக்கு ஒன்றைச் செய்தன. சீன ஆய்வாளர்கள் நிறமாலையைத் தாங்குகாவிப் பொறியிடம் கொடுத்துத் தேயிலை வகைகளைப் பிரித்துக் காட்டினார்கள்.

மூன்று விடை வேண்டுமானால் மூன்று பொறி கட்டலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. மாணவர்கள் கையாளும் லிப்எஸ்விஎம் என்ற மென்பொருள் தொகுப்பும் ஒரு விடைக்கே எழுதப்பட்டது என்பதால் அந்த வழியே பழகிவிடுகிறது. கெட்ட வழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பொறிக்கு மற்றது இருப்பதே தெரியாது. தியாஃபிளேவின் உயர்ந்த அளவுக்குத் தியாருபிகினும் சேர்ந்து உயர்ந்து நிற்கும் நடக்க முடியாத ஒரு விடையை மூன்று பொறிகளும் கலங்காமல் தரக்கூடும். இன்னொரு வழி சங்கிலி: முதல் பொறியின் விடையை இரண்டாவதற்கு உள்ளீடாகக் கொடுப்பது. அதில் யார் முதல் என்பதே வழக்காகிவிடும். முதலாவதின் தவறு கடைசிவரை ஓடும். நேர்கோட்டு உலகில் லியோ பிரைமனும் ஜெரோம் ஃபிரீட்மனும் 1997இல் இதைவிடப் பக்குவமாக ஒன்று காட்டினார்கள். எல்லா விடைகளையும் தனித்தனியே கணித்தபின் அவற்றை ஒன்றோடொன்று கலந்து திருத்தினால், விடைகளுக்குள் உறவு உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் தனியாக இருந்ததைவிடத் துல்லியமாகலாம். அடுத்தவரின் விடையில் நமக்கான செய்தி இருக்கிறது என்பதற்கு அது தெளிவான சாட்சி.

நான் மயங்கியது 2002இல் ஃபெர்னாண்டோ பெரஸ்-குரூஸும் அவருடைய ஸ்பானிய சகாக்களும் எழுதிய வடிவத்தில். அவர்கள் குழாயைத் தொட்டார்கள், வேறெதையும் பெரிதாகத் தொடவில்லை. விடை ஒன்றானால் பொறுத்துக்கொள்ளும் இடம் ஒரு சிறு இடைவெளி. விடை இரண்டானால் அதை ஏன் ஒரு வட்டமாக்கக் கூடாது? மூன்றானால் கோளம். ஒவ்வொரு விடையின் வழுவையும் தனித்தனியே எப்சிலனோடு ஒப்பிடாமல், எல்லா வழுக்களையும் ஒரே காவியாகச் சேர்த்து அதன் நீளத்தை ஒப்பிட்டார்கள்.

சிறிய மாற்றம்தானே என்று தோன்றும். மூன்று தனிப் பொறிகள் சேர்ந்து பொறுத்துக்கொள்ளும் இடம் ஒரு பெட்டி. ஒரு மாதிரியில் மூன்று விடைகளும் எப்சிலனின் பத்தில் ஒன்பது பங்கு பிசகியிருக்கின்றன என்று வையுங்கள். பெட்டிக்குள் அது பத்திரமாக இருக்கிறது, மூன்று பொறிகளில் ஒன்றும் அதைக் கவனிக்காது. ஆனால் சேர்த்த வழுவின் நீளம் ஏறத்தாழ 1.56 எப்சிலன், கோளத்துக்கு நன்றாக வெளியே. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகிய விடையைக் கோளம் விடுவதில்லை. மறுபுறம், ஒரு மாதிரி தாங்குகாவியானால் எல்லா விடைகளுக்கும் சேர்த்தே தாங்குகாவியாகிறது. நிறத்துக்கு முக்கியமானது துவர்ப்புக்கு முக்கியமற்றது என்ற பிரிவினை போய்விடுகிறது.

இதில் எனக்கு உச்சமாகப் படுவது இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த வடிவத்தில் எப்சிலனை மிஞ்சிய நீளத்தின் வர்க்கம்தான் தண்டனை. எப்சிலனைச் சுழியமாக்கிப் பாருங்கள். வழு வெறும் வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகிவிடும். கூட்டுத்தொகை விடை விடையாகக் கழன்றுவிடும். மூன்று விடைகளும் மறுபடி மூன்று தனிப் பொறிகளாகப் பிரிந்துபோகும். எப்சிலன் சுழியத்தைவிட்டு எழுந்த கணமே அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. விடைகளை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது அந்தப் பொறுமை ஒன்றுதான். தண்டிப்பதற்காக எழுதிய சமன்பாட்டின் தண்டிக்காத பகுதியிலிருந்து உறவு பிறக்கிறது என்பதை நான் தாளில் எழுதிச் சரிபார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இந்த வடிவம் பிறகு வானொலி அலைவரிசைகளைக் கணிப்பதற்குப் போனது. 2011இல் செய்மதிப் படங்களிலிருந்து இலையின் பச்சையம், இலைப்பரப்பு, நிலத்தை மூடும் பயிரின் பங்கு ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிடவும் பயன்பட்டது. எல்லாம் ஒரே கொழுந்தின் வெவ்வேறு முகங்கள் போன்ற அளவுகள். ஆகவே அங்கே அது வேலை செய்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

கைப்பழக்கம் இல்லாதவரிடம் கோளம் ஏமாற்றும். தியாஃபிளேவின் தூளின் நிறையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு வீதமே, தியாருபிகின் அதற்குப் பல மடங்கு. அளவுகளை அப்படியே விட்டால் கோளத்தின் முழுப் பொறுமையையும் பெரிய எண் தின்றுவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் அதன் நியம விலகலால் வகுத்துச் சமப்படுத்துவது முதல் வேலை. அதுவும் போதாது: ஒன்று ஏற மற்றது இறங்கும் விடைகளுக்கு இயல்பான உருவம் கோளம் அல்ல, சாய்ந்த நீள்வட்டம். விடைகளின் அச்சைத் திருப்பி, அவற்றுக்கு இடையிலான தொடர்பை நீக்கிவிட்டுப் பொறியிடம் கொடுத்து, வந்த விடையை மறுபடி திருப்பி எடுப்பவரை நான் தேர்ந்த கைகாரர் என்பேன். எப்சிலனையும் ஆய்வுகூட அளவீட்டை மீளச் செய்யும்போது வரும் வேறுபாட்டிலிருந்து எடுக்கவே விரும்புவேன். ஒரே தூளை இரண்டு முறை அளந்தால் எவ்வளவு வித்தியாசம் வருகிறதோ, அதைவிடச் சிறிய வழுவுக்குப் பொறியைக் கோபிப்பது நியாயம் இல்லை.

உறவில்லாத விடைகளை ஒரு கோளத்தில் அடைப்பது வீண். ஈரப்பதம் உலர்த்தியின் சூட்டைப் பொறுத்தது. அதற்கும் நொதித்தலுக்கும் உள்ள தொடர்பு மெல்லியது. அதை நான் தனிப் பொறிக்கே விடுவேன். தியாஃபிளேவின் அளவீட்டில் ஒரு எழுத்துப்பிழை விழுந்தால்கூட அந்த மாதிரி கோளத்துக்கு வெளியே போய்த் தியாருபிகின் விடையையும் தன் பக்கம் இழுக்கும். ஒரு மாதிரிக்கு ஓர் அளவு விடுபட்டிருந்தால் அதன் வழுக்காவியின் நீளத்தையே கணிக்க முடியாது. முழுப் பதிவுகளைக் கேட்கும் பொறி இது.

அதற்குப் பதிலாக அது தருவது ஒரே ஒரு தாங்குகாவிப் பட்டியல். மூன்று தனிப் பொறிகள் மூன்று பட்டியலை நீட்டும், அவை ஒன்றோடொன்று பொருந்தாது. இங்கே ஒரே பட்டியல், ஒவ்வொரு வரியும் பேக்டரியில் ஒரு நாள் அரைத்த ஒரு தொகுதி. அவற்றின் பதிவை எடுத்து, அன்று கொழுந்து மழையில் நனைந்து வந்ததா, வாட்டும் தொட்டியில் கூடுதல் நேரம் கிடந்ததா, உருட்டிய பின் எத்தனை மணிக்கு உலர்த்தியில் ஏறியது என்று டீமேக்கரோடு உட்கார்ந்து பார்க்கலாம்.