குழலுக்கேற்ற குண்டு

நம் ரேஞ்சுகளில் துப்பாக்கியைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. வால்தரா, ஃபைன்வெர்க்பாவா, ஸ்டெயரா என்று பிள்ளைகளும் பெற்றோரும் மாதக்கணக்கில் விசாரித்து, கையிருப்பைக் கரைத்து வாங்குகிறார்கள். அந்தக் குழலுக்குள் போகிற அரை கிராம் ஈயத்தை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கி வருகிறார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் இன்று நிறையப் பேர் இந்த விளையாட்டுக்கு வருவதால், குண்டைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள வழிகளையும், அவற்றை ஆதரிப்போரின் கட்சிகளையும், எதை வைத்து அவற்றை எடைபோடுவது என்பதையும் இந்த மலரில் எழுதிவைப்பது பயன்படும்.

இந்த மண்ணுக்கு இது பழைய வேலை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம் பரங்கிமலையில் இருந்தது. அக்காலப் பீரங்கிப் படைகளில் இரும்புக் குண்டுகளை வளையத்தில் நுழைத்துப் பார்த்துத்தான் ஏற்பார்கள். பெரிய வளையத்தில் நுழையாத குண்டு குழலில் சிக்கும். சிறிய வளையத்தில் நுழைந்துவிடும் குண்டு குழலுக்குள் ஆடிக் குறி தவறும். இரண்டையும் ஒதுக்கிவிடுவார்கள். அதே பரங்கிமலையில் 1963 முதல் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி நடக்கிறது. வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் காவலர் உயர் பயிற்சியகம், இன்னும் தெற்கே ஒத்திவாக்கத்தில் கமாண்டோ பயிற்சிப் பள்ளியின் சுடுதளம் என்று இந்த ஜி.எஸ்.டி. சாலையோரம் முழுவதும் குறிபார்ப்போரின் வட்டாரம்தான்.

குண்டுத் தேர்வைத் தனிக் கலையாகவே வளர்த்திருப்பவர்கள் அமெரிக்காவின் கௌபாய் சுடுதல்காரர்கள். ஜெய்சங்கர் படங்களில் நாம் பார்த்த அதே தொப்பி, அதே தோல் உறை. 1980-களின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவில் பிறந்த விளையாட்டு அது. பழைய பாணி ரிவால்வர் இரண்டு, லீவர் ரைஃபிள் ஒன்று, ஷாட்கன் ஒன்று. அவர்களில் மிகப் பலர் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். குண்டு வெறும் ஈயமாக இருக்க வேண்டும். ரிவால்வரில் வினாடிக்கு 1,000 அடி, ரைஃபிளில் 1,400 அடி என்பது உச்ச வேகம். 400 அடிக்குக் குறையவும் கூடாது. இந்த எல்லைக்குள் இரண்டு கட்சிகள். வேகமாகச் சுட்டு நேரத்தில் வெல்ல நினைப்பவர் உதை குறைந்த .38 தோட்டாவை மென்மையாக நிரப்புவார். பழமையை மதிப்பவர் .44-40, .45 கோல்ட் என்று பெரிய தோட்டாவில் கருமருந்தை அடைத்துப் புகை கிளப்புவார். ரிவால்வருக்கும் ரைஃபிளுக்கும் ஒரே தோட்டா இருந்தால் அவசரத்தில் மாறிப்போகாது என்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு உண்டு. லீவர் ரைஃபிளின் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்மூக்குக் குண்டு முன்னால் நிற்கும் தோட்டாவின் பிரைமரை இடித்தால் மேகசினுக்குள்ளேயே வெடிக்கும். அதனால் தட்டைமூக்குக் குண்டு என்பதில் அங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் அந்த வழி நமக்கு இல்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், நம்மவர் சுடும் .22 தோட்டா மறுபடி நிரப்புவதற்கானதல்ல. அதன் பற்றுமருந்து விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கிறது. ஊசி அடித்து விளிம்பு நசுங்கிவிட்டால் அந்த உறையின் ஆயுள் முடிந்தது. ஆகவே நம் கைத்திறன் எல்லாம் பொறுக்கி எடுப்பதில்தான் வெளிப்பட வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் தொடங்குவது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். குழல் .177-க்கு மிகாமலும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை என்பதால் வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது. ஆனால் இலக்கு இரக்கமற்றது. பத்து மதிப்பெண் வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி. அதைத் தேடிப் போகும் பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர் அகலம். தசமக் கணக்கில் கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 போய்விடும். ஒவ்வொரு சுடுதலிலும் 0.1 போனால் 60 சுடுதலில் 6 மதிப்பெண். இறுதிச் சுற்றுக்குப் போகிறவரையும் பாதியில் ஊர் திரும்புகிறவரையும் பிரிக்க அது தாராளமாகப் போதும்.

ஒரு டின்னைத் திறந்து மேசை விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். பெல்லட்டின் தலை தட்டை, நடுவில் இடுப்பு, பின்னால் உள்ளீடற்ற ஸ்கர்ட். தலை தட்டையாக இருப்பதால்தான் காகிதத்தில் ஓட்டை வட்டமாக, வெட்டியெடுத்தாற்போல் விழுகிறது. காற்றழுத்தத்தை வாங்கிக் குழலை அடைப்பது ஸ்கர்ட். அதன் விளிம்பு மெல்லியது. டின் கை தவறி விழுந்தால் முதலில் நெளிவது அதுதான். விலையுயர்ந்த பெல்லட்டுகளைத் தனித்தனிக் குழிகளில் அடுக்கி விற்பதற்கு இதுவே காரணம்.

இதில் நான்கு கட்சிகளைப் பார்க்கலாம். தலை அளவுக் கட்சி 4.49, 4.50, 4.51 என்று டின்னின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். எடைக் கட்சி மில்லிகிராம் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரிக்கும். உருட்டல் கட்சி சாய்த்த கண்ணாடியில் பெல்லட்டை உருட்டும். தலையும் ஸ்கர்ட்டும் வேறு வேறு அளவு என்பதால் அது வளைந்துதான் உருளும்; ஒரே வளைவில் வந்து நிற்பவை ஒரு குழு. நான்காவது கிளாம்ப் கட்சி. குழலை இரும்புப் பிடியில் இறுக்கி, மனிதக் கையை விலக்கிவிட்டு, ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியிலும், பத்துப் பெல்லட்டைச் சுட்டு, எது ஒரே ஓட்டைக்குள் போகிறது என்று பார்க்கும்.

என் தீர்ப்பு நான்காவது கட்சிக்கே. எடையும் உருட்டலும் பெல்லட்டைப் பற்றித்தான் சொல்லும். குழலுக்கு அது பிடித்திருக்கிறதா என்று சொல்லாது. ஒரே நிறுவனம், ஒரே மாடல், அடுத்தடுத்த வரிசை எண் கொண்ட இரண்டு ரைஃபிள்களில் ஒன்று 4.49-ஐயும் மற்றது 4.51-ஐயும் கேட்பது சகஜம். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜே.எஸ்.பி. எல்லாமே நல்ல பெல்லட்டுகள். உங்கள் குழலுக்கு எது நல்லது என்பதை ஓட்டைதான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அதே லாட் எண்ணில் வருடத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிவிட வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் அது வேறு பெல்லட்.

புதிதாக வரும் பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம். நிற்கும் நிலை, மூச்சு, டிரிகர் சீராகும்வரை ஒழுங்கான நடுத்தர பெல்லட் போதும். ஏர் பிஸ்டல்காரர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படுவது அரிது. அவர்களின் பத்து வளையம் 11.5 மில்லிமீட்டர், தகுதிச் சுற்றில் முழு எண் கணக்குத்தான். பிஸ்டல் பயிலும் மகனுக்கு ரைஃபிள் வீரர்களின் விலையுயர்ந்த டின்னை வாங்கித் தரும் பெற்றோர் அந்தப் பணத்தைப் பயிற்சி நேரத்துக்குச் செலவிடலாம்.

.22-க்கு வந்தால் விஷயம் கனக்கிறது. உரிமம், ஒதுக்கீடு, இறக்குமதி என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கதை உண்டு. 1951-இல் ஜி.வி. மாவ்லங்கர் தலைமையில் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கத்தின் வழியாகத்தான் விளையாட்டு வீரர்களுக்குப் பெரும்பாலும் தோட்டா கிடைக்கிறது. எலி டெனெக்ஸ், ஆர்50, லாப்புவா ஆகிய தோட்டாக்கள் வினாடிக்குச் சுமார் 320 முதல் 330 மீட்டர் வேகத்துக்கே செய்யப்படுகின்றன. ஒலியின் வேகத்தைத் தொடும் இடத்தில் குண்டு தடுமாறும் என்பதால் அந்த வேகத்துக்குள்ளேயே அதை வைத்திருக்கிறார்கள். எலி பெட்டியில் லாட் எண்ணோடு வேகமும் அச்சாகியிருக்கும். அதைப் படிக்காமல் பெட்டியை வீசாதீர்கள். ஐரோப்பிய வீரர்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைச் சுடுதளத்துக்கே போய் லாட் தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்கு அந்த வசதி குறைவு. கையில் இருக்கும் இரண்டு மூன்று லாட்டையாவது 50 மீட்டரில் தாங்கியில் வைத்துச் சுட்டு ஒப்பிட வேண்டும். பிராண்டு மாற்றினால் முதல் பதினைந்து இருபது தோட்டாவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பழைய மெழுகு போய்ப் புதிய மெழுகு குழலில் படிய அவ்வளவு ஆகும். வெயிலில் சூடேறிய தோட்டாவின் மருந்து வேகமாக எரியும். மே மாத வண்டலூர் வெயிலில் பெட்டியை நிழலில் வையுங்கள்.

ஷாட்கன் வேறு உலகம். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் டிராப் சுட்ட நம் பிருத்விராஜ் தொண்டைமான் போன்றவர்களுக்கு 24 கிராம் ரவை என்ற அளவை விதியே கட்டிவைத்திருக்கிறது. தேர்வு ரவையின் எண்ணிலும் வேகத்திலும்தான்.

கடற்காற்று நம் பக்கத்தில் ஈயத்துக்குப் பகை. திறந்து வைத்த டின்னில் வெள்ளைப் பொடி பூக்கும். அந்தப் பெல்லட்டைப் போட்டிக்கு எடுக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடி வையுங்கள். சுட்டு முடித்த பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொடக் கூடாது. இதில் எந்தப் பயிற்சியாளரும் சலுகை காட்டக் கூடாது.

மூத்த வீரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ரைஃபிளில், எந்தத் தலை அளவில், எந்த லாட் எப்படிக் குழுமியது என்று நீங்கள் எல்லோரும் நோட்டில் வைத்திருக்கிறீர்கள். சுட்ட கார்டோடு சேர்த்து அதன் நகல் ஒன்றை ரேஞ்சின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். புதிதாக வரும் பிள்ளை எங்கிருந்து தொடங்குவது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.