விறலிக்கு வழி சொன்னவர்கள்

ஆற்றுப்படையை மாணவிகளுக்கு அறிமுகப்படுத்தும்போது ‘அந்தக் காலத்து கூகுள் மேப்’ என்று சொல்வது தமிழ்த் துறைகளில் இப்போது வழக்கமாகிவிட்டது. வகுப்பில் சிரிப்பு வரும், விஷயமும் புரிந்ததுபோல இருக்கும். எனக்கு இந்த உவமையோடு தகராறு உண்டு. இரண்டும் வழி சொல்கின்றன என்பது சரிதான். யாருக்குச் சொல்கின்றன, என்ன தெரிந்துகொண்டு சொல்கின்றன என்று கேட்கத் தொடங்கினால் உவமை நிற்பதில்லை. கைபேசியிலுள்ள வழிகாட்டிச் செயலியையும் ஒரு பனுவலாக வைத்து வாசித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மலைபடுகடாத்தில் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் கூத்தர்களை நன்னனிடம் அனுப்புகிறார். 583 அடிகளில் பெரும்பகுதி வழிதான். பன்றிக்குப் பொறி வைத்திருக்கும் பாதையில் விடிந்த பிறகு போங்கள் என்கிறார். தினைப்புனக் காவலர் யானையை விரட்ட வீசும் கவண்கல் எங்கே வந்து விழும், பாம்பு எங்கே இருக்கும், எங்கே வழுக்கும், யார் வீட்டில் சோறு கிடைக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. எவ்வளவு நேரமாகும் என்ற கணக்கு மட்டும் கிடையாது. சொல்கிறவன் அந்த வழியில் நடந்து, பசித்து, பரிசு பெற்றுத் திரும்புகிறவன். அவன் எதிரில் களைத்த மனிதர்கள் நிற்கிறார்கள். அந்தக் களைப்பைப் பார்த்துத்தான் வழி சொல்கிறான்.

இதை வைத்துப் பழமையைத் தூக்கிப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. தொல்காப்பியம் ஆற்றுப்படுத்தப்படுவோராகக் கூத்தர், பாணர், பொருநர், விறலி என நால்வரைச் சொல்கிறது. பத்துப்பாட்டில் பொருநனுக்கு ஒரு நெடும்பாட்டு, பாணனுக்கு இரண்டு, கூத்தனுக்கு ஒன்று. விறலிக்கு ஒன்றுமில்லை. அந்த நெடும்பாட்டுகளில் அவள் இல்லாமலில்லை. பொருநராற்றுப்படையிலும் சிறுபாணாற்றுப்படையிலும் கூந்தலும் பாதமுமாக வருணிக்கப்படுகிறாள். நடந்து நடந்து இளைத்த நாயின் நாக்கைப்போல் ஆன பாதம் அது. பாதம் அவளுடையது, வழி கேட்டவன் பாணன். அவளுக்கென்று வழி சொல்லும் பாட்டுகள் புறநானூற்றில் சிறியனவாகச் சில உண்டு. அவற்றுள் ஒன்றை, 103ஆம் பாட்டை, ஔவையார் பாடியிருக்கிறார்.

இப்போது செயலிக்கு வருகிறேன். குறும்பாதை காணும் கணக்குமுறைகளில் புகழ்பெற்ற ஒன்றை டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் கண்டார், 1959இல் வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாமில் தன் வருங்கால மனைவியோடு கடைவீதி சுற்றிக் களைத்து, ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து இருபது நிமிடங்களில் யோசித்ததாகப் பின்னாளில் ஒரு நேர்காணலில் சொன்னார். ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குக் குறைந்த தூரத்தில் போவது எப்படி என்பதுதான் கேள்வி. உடனிருந்த ரியா டெபெட்ஸ், அவர் வேலை பார்த்த கணித மையத்தில் ‘கணக்குப் பெண்கள்’ என்று அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர். இந்தக் கதை சொல்லப்படும் பல இடங்களில் அவர் பெயரில்லாத வருங்கால மனைவியாகவே வருகிறார். (நம் விறலிக்குத் தோழி கிடைத்துவிட்டாள்.)

இந்த முறையில் ஊர்கள் புள்ளிகள், சாலைகள் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண் உண்டு. எண்களின் கூட்டுத்தொகை எதில் குறைவோ அதுவே நல்ல வழி. கணக்கில் குற்றமில்லை. அந்த எண்ணாக எதை வைப்பது என்பதைக் கணக்கு முடிவு செய்வதில்லை, ஆட்கள் முடிவு செய்கிறார்கள். தூரத்தை வைக்கலாம், நேரத்தை வைக்கலாம். பயத்தை வைக்கலாமா? பேருந்துக் காசை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் பலர் என் மாணவிகளின் அக்காக்கள், அம்மாக்கள். திருவள்ளூரிலிருந்து அங்கே நேர் ரயில் கிடையாது. ஒன்று அரக்கோணம் மார்க்கம், மற்றது கூடூர் மார்க்கம். ரயிலில் போவதென்றால் சென்னைக்கு உள்ளே வந்து மாறித்தான் போகவேண்டும். சாலை வழி கிட்டம். செயலி அதையே நீலக்கோடாகக் காட்டும். அந்தக் கோட்டில் விளக்கு எரிகிறதா, ஓரத்தில் வரிசையாக லாரிகள் நிற்கின்றனவா, டாஸ்மாக் எந்தத் திருப்பத்தில் என்பது தெரியாது. சுங்கச்சாவடியைத் தவிர்க்கவும் நெடுஞ்சாலையைத் தவிர்க்கவும் என் கைபேசியில் தெரிவுகள் உள்ளன. இருட்டைத் தவிர்க்க இல்லை. 2017இல் இருசக்கர வண்டிக்குத் தனி வழி காட்டும் வசதியை கூகுள் இந்தியாவில்தான் முதலில் கொண்டுவந்தது. நம் சந்துகளை அவர்களால் கவனிக்க முடியாது என்பதில்லை.

காசும் அப்படித்தான். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாதச் சம்பளத்தில் எண்ணிச் செலவழிக்கும் ஒருத்தி, இருபது நிமிடம் அதிகமானாலும் அந்தப் பேருந்துக்காக நிற்பாள். அவளுக்கு அதுதான் குறும்பாதை. செயலியோ ‘வேகமான வழி’ என்று வேறொன்றை மேலே வைக்கும். திரும்பும்போது ரேஷன் கடை, பால்வாடியிலிருந்து பிள்ளை, மாமியாருக்கு மாத்திரை என்று நாலு இடம் தொட்டு வருவாள். இந்தச் சுற்றலுக்குப் ‘பராமரிப்புப் பயணம்’ என்று பொருள்படும் பெயரை ஸ்பானியத் திட்டவியலாளர் இனெஸ் சான்செஸ் தெ மாதாரியாகா வைத்தார். போக்குவரத்துக் கணக்கெடுப்புகளில் அது ‘இதர’ என்ற கட்டத்துக்குள் சிதறிப் போவதை அவர் சுட்டிக்காட்டினார்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்கிவைத்தது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் வசந்தா வழக்கில் அந்தப் பிரிவை நீக்கியபோது, போக்குவரத்து வசதியை நிபந்தனைகளுள் ஒன்றாக வைத்தது. வேலை நேரம் திறந்துவிடப்பட்டது. நிறுவன வண்டி இறக்கிவிடும் நெடுஞ்சாலை முனையிலிருந்து வீட்டு வாசல்வரை உள்ள தூரத்தைக் கடப்பது, நான் கேட்டவரை, அவளவள் பாடு.

இந்தக் குறையைக் கண்டு எழுந்ததுதான் சேஃப்டிபின். 2013இல் கல்பனா விஸ்வநாத்தும் ஆஷிஷ் பாசுவும் தொடங்கியது. வெளிச்சம், நடைபாதை, ஆள் நடமாட்டம், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என ஒன்பது அளவுகளால் தெருவை மதிப்பிடுகிறது. ‘எப்படி உணர்கிறாய்’ என்பதும் அவற்றுள் ஒன்று. உணர்வை ஓர் அளவாக ஏற்ற அந்த ஒரு கட்டத்துக்காகவே எனக்கு அதன்மேல் மதிப்பு. விளக்குப் போடச் சொல்லி நகராட்சியிடம் நீட்ட அது ஒரு சாட்சியம். ஆனால் அதே வரைபடம் வீட்டுக்குள் வரும்போது வேறாகிறது. சிவப்பு மதிப்பெண் வாங்கிய தெருவில் நீ ஏன் போனாய் என்று கேட்க அண்ணனுக்கு ஆதாரம் கிடைக்கிறது. 2011இல் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ நூல் மும்பையை வைத்துச் சொன்னது இது: வெளியில் நிற்கும் பெண் எப்போதும் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. செயலியின் முதல் கேள்வியே ‘எங்கே போகவேண்டும்’ என்பதுதானே. சும்மா நடப்பதற்கு அதில் கட்டம் இல்லை.

என் வகுப்பில் பலருடைய கைபேசி ‘லைவ் லொகேஷன்’ வழியாக வீட்டாருக்குத் திறந்தே கிடக்கிறது. பாதுகாப்புக்கு என்கிறார்கள். ஒருத்தி சொன்னாள்: “பஸ் டிராபிக்ல நின்னா அப்பா போன் வருது மேடம், புள்ளி ஏன் நகரலன்னு.” அவள் வழி காணும் கருவியில் அவளே புள்ளியாகியிருக்கிறாள்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு தனியே பயணம் போன பெண்ணைப் பற்றி எழுதும்போது திருவாலங்காட்டைத் தாண்டிப் போக முடியாது. காரைக்காலம்மையார் கயிலைக்குப் புறப்படுமுன் தசையும் அழகும் வேண்டாமென்று பேய் வடிவம் கேட்டு வாங்கினார் என்கிறது பெரியபுராணம். தலையால் நடந்து போய், பிறகு ஆலங்காட்டுக்கு வந்து சேர்ந்தார். பக்திக்கு அதில் ஆயிரம் விளக்கம் உண்டு. ஒரு பெண் அவ்வளவு தூரம் தனியே போக உடம்பையே கழற்றி வைக்கவேண்டியிருந்தது என்பதே எனக்கு முதலில் படுகிறது.

ஔவையின் அந்தச் சிறுபாட்டில் விறலிக்கு உடம்பு இருக்கிறது, சுமை இருக்கிறது. தோள்சுமையில் இருபுறமும் முழவு தொங்க, கவிழ்ந்த பாத்திரத்தை யார் நிமிர்த்துவார் என்று சுரத்து வழியில் உட்கார்ந்திருக்கிறாள். அஞ்சி தூரத்தில் இல்லை, ஆனால் இப்போது வீட்டில் இல்லை, பகைவர் நாட்டுப் போர்முனையில் இருக்கிறான் என்று ஔவை சொல்கிறார். வழிச்செய்தி என்றால் இதுதான். கேட்பவளின் களைப்பும் பசியும் தெரிந்த ஒருத்தி, அன்றைய நிலவரத்தோடு சொல்வது.

சென்ற பருவத்தில் மாணவிகளிடம் தங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கோ, அக்கா வேலைபார்க்கும் கம்பெனிக்கோ ஓர் ஆற்றுப்படையை உரைநடையில் எழுதச் சொன்னேன். செயலியைத் திறக்கக் கூடாது, உங்களுக்கு அடுத்து அந்த வழியில் வரப்போகும் ஒரு பெண்ணுக்குச் சொல்லுங்கள் என்பது மட்டும் விதி. கிலோமீட்டர் ஒருத்தியும் எழுதவில்லை. கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: ‘ஸ்டேஷனில் இறங்கியதும் கூட்டத்தோடு வெளியே வா. ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே ஒரு பொம்பளை இருந்தால் ஏறு. இல்லையென்றால் பூக்கார அம்மா பக்கத்தில் நில். அவர்கள் எதுவும் கேட்கமாட்டார்கள். ஏழு மணிக்குமேல் அவர்கள் இருக்கமாட்டார்கள், அப்போது மெடிக்கல் கடை வெளிச்சத்தில் நில். அங்கே பாத்ரூம் கிடையாது, ரயிலிலேயே யோசித்துக்கொள்.’