வண்ணமே சாட்சி: ஓவிய உலகின் கொலைக்கதைகள்

காட்சிக்கூடத்தில் ஒரு பிணத்தைக் கிடத்திவிட்டால் மட்டும் அது ஓவிய உலகத் துப்பறியும் நாவல் ஆகிவிடாது. கொலையின் முடிச்சு ஓவியத் தொழிலுக்குள்ளேயே விழ வேண்டும். தொழில் அறிந்த கண்ணால்தான் அது அவிழவும் வேண்டும். இந்த மரபை நான் எடைபோடும் அளவுகோல் இதுவே.

மரபின் மூத்த கிளை ஓவியர் கூடத்தைக் களமாகக் கொண்டது. டாரதி சேயர்ஸ் 1931-இல் எழுதிய ‘ஃபைவ் ரெட் ஹெர்ரிங்ஸ்’ இதன் உச்சம். ஸ்காட்லாந்தின் கேலோவே பகுதி. ஓடைக்குள் ஓவியர் கேம்பல் பிணமாகக் கிடக்கிறார். மேட்டில் அவருடைய படம், ஈரம் காயாமல். துப்பறியும் பீட்டர் விம்சி வண்ணக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். படத்தில் வெள்ளை இருக்கிறது. வெள்ளைக் குழாயைக் காணோம். அப்படியானால் தீட்டியவர் வேறொருவர். குழாயைப் பழக்கதோஷத்தில் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எது காணாமல் போனது என்பதை அந்த இடத்தில் சேயர்ஸ் சொல்லவில்லை. வாசகரே ஊகிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். நியாயமான ஆட்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நையோ மார்ஷின் ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் இன் கிரைம்’ (1938) நாவலில், மாடல் பெண் தினமும் அதே இடத்தில் அதே நிலையில் படுத்தாக வேண்டும் என்ற கூடத்து நியதியே கொலையாளிக்கு வழி திறக்கிறது.

இரண்டாவது கிளை போலிகளின் உலகம். வெர்மியர் பெயரில் போலிப் படங்கள் தீட்டிய ஹான் வான் மேகரன் 1945-இல் கைதானார். நாஜித் தலைவர் கோரிங்கிடம் போன படம் தன் கைவேலைதான் என்று நிரூபிக்க, சாட்சிகள் முன்னிலையில் புதிதாக ஒரு படம் வரைந்து காட்டினார். பட்ரீஷியா ஹைஸ்மித்தின் ‘ரிப்ளி அண்டர் கிரவுண்ட்’ (1970) இந்த உலகத்தின் மன இருட்டுக்குள் இறங்குகிறது. ஓவியர் எப்போதோ கைவிட்ட ஊதா நிறம் பிற்காலப் படத்தில் எப்படி வந்தது என்று ஒரு சேகரிப்பாளர் கேட்கிறார். அந்தக் கேள்வி அவர் உயிரைக் குடிக்கிறது.

மூன்றாவது, பழைய படங்களைப் புதுப்பிப்போரின் கிளை. ஆர்துரோ பெரெஸ்-ரெவெர்ட்டேயின் ‘ஃபிளாண்டர்ஸ் பேனல்’ (1990) நாவலில், பதினைந்தாம் நூற்றாண்டுச் சதுரங்க ஓவியத்தை எக்ஸ்ரே எடுக்கும்போது, மாவீரனைக் கொன்றது யார் என்று கேட்கும் லத்தீன் வரி தென்படுகிறது. பலகையில் உள்ள ஆட்டத்தைப் பின்னோக்கி ஆடித்தான் விடை காண வேண்டும். அதே ஆண்டில் ஈயன் பியர்ஸ், ரோமின் கலைக்களவுத் துப்பறிவாளர்களை வைத்து ‘ரஃபேல் அஃபேர்’ எழுதினார். இத்தாலி கராபினியெரி காவல்படையில் இதற்கென 1969-லேயே தனிப்பிரிவு அமைத்த நாடு, களம் பொருத்தமானது.

ஏல விலையையும் எச்சரிக்கை மணியையும் மட்டுமே நம்பும் த்ரில்லர்களுக்கும் பஞ்சமில்லை. அவற்றுக்கு ஒரு சோதனை போதும்: ஓவியத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு வைர அட்டிகையை வையுங்கள். கதை அப்படியே நகர்ந்தால், அந்த எழுத்தாளர் ஓவியத்தைப் பார்க்கவே இல்லை. புதிதாக வருபவர்கள் சேயர்ஸிலிருந்து தொடங்கட்டும். எங்கே உற்றுப் பார்ப்பது என்பதை அவர் கற்றுத் தந்துவிடுவார்.